அந்தப் படிவத்தில் கையெழுத்து யாருடையது? கடினமான நேர்காணல் கேள்விக்குத் தயாரான ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் 41 வயதுள்ள தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். பொட்டல உணவுத் தயாரிப்பில் 14 ஆண்டுகள் பணியாற்றியவர். கடைசி வேலையை விட்டு 11 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் நான்கு நிறுவனங்கள் அவரை நேர்காணலுக்கு அழைத்து, நான்குமே இரண்டாம் சுற்றோடு நிறுத்திவிட்டன. அவர் என்னிடம் கேட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு நல்ல பதிலாக ஒன்று எழுதித் தாருங்கள், சார்." நான் எழுதித் தரவில்லை. ஏன் தரவில்லை, அதற்கு மாறாக மூன்று வாரங்களில் என்ன செய்தோம், அதில் எது பலித்தது, எதைக் கோட்டை விட்டோம் என்பவற்றையே இங்கே பதிவு செய்கிறேன்.

எனக்குக் கிடைத்த சான்றுகள் மூன்று. ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அவர் எழுதி வைத்த குறிப்பேடு; கைபேசியில் பதிவு செய்த நான்கு ஒத்திகைகள்; பழைய நிறுவனத்தின் விசாரணைக்கு அவர் கொடுத்திருந்த விளக்கக் கடிதத்தின் நகல். இவை தவிர, ஆள் எடுக்கும் குழுக்களில் பலமுறை உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்திருக்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நடந்தது

பொட்டலமிடும் லைனில் ஒரு பேட்ச் (ஒரே எண்ணும் தேதியும் இடப்படும் சரக்குத் தொகுதி) முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் 'லைன் கிளியரன்ஸ்' என்றொரு சோதனை உண்டு. முந்தைய பேட்ச்சின் உறைகள் எதுவும் லைனில் தங்கவில்லை, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கோடிங் மெஷினில் மாற்றப்பட்டுவிட்டன, முதலில் வெளிவரும் பொட்டலத்தில் அவை சரியாக அச்சாகியிருக்கின்றன என்பதைப் பார்த்துத் தரப் பிரிவின் ஆள் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சோதனை தவறியது. முந்தைய பேட்ச்சின் தேதியே அடுத்த பேட்ச்சிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு விநியோகஸ்தரின் கிடங்கில் அது கண்ணில் பட்டு, சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விசாரணை நடந்தது. முடிவில் இவரை ராஜினாமா செய்யும்படி கேட்டுக்கொண்டார்கள், செய்தார்.

நான்கு நேர்காணல்கள்

முதல் இரண்டு இடங்களில் "சொந்தக் காரணங்களுக்காக விட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். ஓர் இடத்தில் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். கேட்காமல் விட்டதை நல்ல அறிகுறி என்று அவர் எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் குறிகூட இருக்கிறது. குழுவில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன், அது நல்ல அறிகுறியே அல்ல. 14 ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் கையில் வேறு வேலை இல்லாமல் ராஜினாமா செய்துவிட்டு, காரணத்தை இரண்டே சொல்லில் முடிக்கிறார் என்றால், கேட்பவர் அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். பெரும்பாலும் உண்மையைக் காட்டிலும் மோசமான ஒன்றைக் கொண்டுதான் நிரப்புவார்.

மூன்றாவது இடத்தில் "நிர்வாகத்துடன் கருத்து வேறுபாடு" என்றார். என்ன வேறுபாடு என்று கேட்டதற்கு, ஆள் பற்றாக்குறையையும் ஷிப்ட் நேரங்களையும் பற்றி நெடுநேரம் பேசியிருக்கிறார். அன்றைய குறிப்பில் "நன்றாகப் போனது, முக்கால் மணி நேரம் பேசினார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதில் முப்பது நிமிடமாவது பேசியவர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

நான்காவது நேர்காணலுக்கு மனப்பாடம் செய்துகொண்டு போனார். நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த அந்தப் பதில் வழவழப்பானது. கற்றல், பொறுப்புணர்வு, புதிய சவால் எல்லாம் அதில் உண்டு. பாதியில் குழு உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, "அந்தப் படிவத்தில் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார். இவர் ஒரு நொடி தடுமாறிவிட்டு, மனப்பாடம் செய்ததை முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கிவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் தேதியைத் தவிர எதுவும் இல்லை.

மேசையின் மறுபக்கம்

துளைத்துத் துளைத்துக் கேட்பதை வன்மம் என்று விண்ணப்பதாரர்கள் நினைக்கிறார்கள். எப்போதாவது அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வேலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த குறிப்பிட்ட சம்பவங்களைத் திரட்டி ஆராயும் வழியை விவரித்தார். அந்த வேரிலிருந்து 1980-களில் இரண்டு வகை நேர்காணல் கேள்விகள் கிளைத்தன: "இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்பது ஒன்று, "இப்படியொரு நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்பது மற்றொன்று. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களுக்கு முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுவதைக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்கிறார்கள். வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதோடு அந்த மதிப்பெண் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் தொகுத்துப் பார்த்தபோது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு 0.51 என்றும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.38 என்றும் கணித்தார்கள். சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் அந்தக் கணக்குகளைத் திருத்தியபோது இரண்டுமே இறங்கி, 0.42 என்றும் 0.19 என்றும் ஆயின. அப்படி இறங்கிய பின்னும் அவர்கள் ஒப்பிட்ட தேர்வு முறைகளில் முதலிடம் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்குத்தான்.

இந்த எண்களை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த முறையில் பழகிய குழுவினரின் தாளில் "தன் பங்கைத் தெளிவாகச் சொல்கிறாரா?" என்பது போன்ற ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பப் போதுமான விவரம் கிடைக்கும்வரை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நடையழகுக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. கையெழுத்து யாருடையது என்று கேட்டவர் இவரை மடக்கப் பார்க்கவில்லை. நிரப்ப வேண்டிய கட்டம் அவர் முன்னால் காலியாக இருந்தது.

முதல் ஒத்திகை

முதல் நாளில் நான் எந்தத் திருத்தமும் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டேன், அவர் மனப்பாடப் பதிலைச் சொன்னார். 2 நிமிடம் 50 விநாடி. வீட்டுக்குப் போய்ப் பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கினேன். அப்போதுதான் இலக்கணம் கண்ணில் பட்டது. "தவறு நேர்ந்துவிட்டது", "கவனக்குறைவு ஏற்பட்டது", "தேதி மாறாமல் போய்விட்டது", "நாங்கள் உடனே நடவடிக்கை எடுத்தோம்." மொத்தம் 31 வினைமுற்றுகளில் தன்மை ஒருமையில் முடிந்தவை இரண்டே இரண்டு, அவற்றிலும் ஒன்று "அந்த நிறுவனத்தை மிகவும் மதிக்கிறேன்" என்பது.

செய்தவரைச் சொல்லாமலே ஒரு செயலைச் சொல்லிவிடத் தமிழ் நிறைய இடம் கொடுக்கிறது. பாத்திரம் உடைந்துவிட்டது என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, உடைத்துவிட்டேன் என்று சொல்வது கரடுமுரடாக இருக்கிறது. அன்றாடப் பேச்சில் அது மரியாதை. நேர்காணல் மேசையிலோ ஒளிந்துகொள்வதாகக் கேட்கிறது. 'நாங்கள்' என்பதும் அப்படித்தான். குழுவாகச் செய்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு அப்படிச் சொல்பவர் பலர் உண்டு. ஆனால் தவறைப் பற்றிப் பேசும்போது அதே சொல் வேறு தொனியில் விழுகிறது.

எழுத்தில் இறக்கியதை அவரிடம் கொடுத்து, வினைமுற்றுகளின் கீழே கோடிடச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. "உண்மையைச் சொன்னால், தேதியை மாற்றாதவன் நான் இல்லையே, சார்" என்றார்.

இதுதான் அடிமுடிச்சு என்று எனக்குத் தோன்றியது. கேள்வி கடினமாக இருந்ததற்குக் காரணம் குழுவினர் அல்ல. அன்று என்ன நடந்தது என்பதில் அவருக்குள்ளேயே இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை. கையெழுத்து தன்னுடையது என்பதை ஒரு மனம் ஒப்புக்கொண்டிருந்தது; ஆபரேட்டர்தான் மாட்டிவிட்டார் என்று இன்னொரு மனம் வழக்காடிக்கொண்டிருந்தது. அந்த வழக்கு முடியாதவரை, யார் எழுதித் தந்த பதிலாக இருந்தாலும் முதல் துணைக்கேள்வியிலேயே அது இரண்டாகப் பிளந்துவிடும்.

தாள்

ஆகவே பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு தாளில் நடந்ததை மட்டும் எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றுகொண்டு, எதைக் கண்ணால் பார்த்து, எதைப் பார்க்காமல், யார் சொன்னதை நம்பி என்பவை மட்டும் போதும். காரணம், உணர்ச்சி, பாடம் எதுவும் வேண்டாம் என்றேன். விளக்கக் கடிதத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாளோடு வந்தார். அன்று காலை அவர் ஒப்புதல் தந்தது ஒரு லைனுக்கு அல்ல, இரண்டு லைன்களுக்கு. கடிதத்தில் இரண்டு படிவங்களின் நேரமும் பதிவாகியிருந்தன: முதல் லைன் 6.05, இரண்டாவது லைன் 6.08. இரண்டு லைன்களும் வேறு வேறு கூடங்களில் இருந்தன. கைகழுவி, தலையுறை மாற்றிக்கொண்டு ஒரு கூடத்திலிருந்து மற்றதற்குள் போவதற்கே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டாவது படிவத்தில் முதல் கூடத்தில் நின்றபடியேதான் கையெழுத்திட்டிருக்கிறார். "தேதி மாற்றியாச்சு" என்று ஆபரேட்டர் வந்து சொன்னதை நம்பியிருக்கிறார். 11 மாதங்களாக அந்தக் கடிதம் அவர் வீட்டில்தான் இருந்தது. இரண்டு நேரங்களையும் அருகருகே வைத்து அவர் பார்த்ததே இல்லை.

நீண்ட நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவரே, "பொட்டலத்தை நான் கையில் எடுக்கவே இல்லை" என்றார். மூன்று வாரங்களில் அவர் வாயிலிருந்து வந்த பயனுள்ள முதல் வாக்கியம் அதுதான்.

பதில்

அதன்பின் பதில் எழுதுவது அரை மணி நேர வேலையாகிவிட்டது. இரண்டாம் ஒத்திகையில் அது இந்த வடிவத்துக்கு வந்தது:

"காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு லைன்களுக்கு நான் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. முதல் லைனை நேரில் பார்த்தேன். இரண்டாவது லைனில் ஆபரேட்டர் சொன்னதை நம்பி, பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். பழைய காலாவதித் தேதியோடு சரக்கு வெளியே போய், திரும்பப் பெற வேண்டியதாயிற்று. விசாரணைக்குப் பிறகு ராஜினாமா செய்யச் சொன்னார்கள், செய்தேன். இப்போதெல்லாம் மாதிரிப் பொட்டலத்தைப் படிவத்தோடு இணைக்காமல் கையெழுத்திடுவதில்லை."

ஏறக்குறைய 35 விநாடி. ஆபரேட்டரின் பெயரோ, ஆள் பற்றாக்குறையோ, நிறுவனத்தின் பிற உள்விவகாரங்களோ இதில் இல்லை. பின்னணி விசாரணையில் பழைய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலும் இதற்கு முரணாக எதுவும் வராது. கடினமான கேள்விக்கான பதிலில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆனாலும் கடைசி வாக்கியத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நானும் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் ஒத்திகையில் கேள்வி கேட்க என் நண்பர் ஒருவரை அழைத்திருந்தேன். அவருக்கு இந்தத் துறையே தெரியாது. பதிலைக் கேட்டுவிட்டு, "நீங்கள் 11 மாதமாக வேலையில் இல்லையே, எந்தப் படிவத்தில் கையெழுத்திடுகிறீர்கள்?" என்றார். கற்ற பாடத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நுழைந்த பொய் அது. "அந்த இடத்தில் மறுபடி நின்றால், மாதிரிப் பொட்டலத்தைப் படிவத்தோடு இணைத்த பிறகே கையெழுத்திடுவேன்" என்று மாற்றினோம். ஒத்திகைக்கு நம்மை அறிந்தவரைக் காட்டிலும் அறியாதவர் மேல் என்று நான் நினைப்பது இதனால்தான். அறிந்தவர் நம் பதிலில் உள்ள ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொண்டு கேட்கிறார்.

பயிற்சி

பதிலைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். தாளை மூடிவைத்துவிட்டு, கேள்வியை மட்டும் ஒரு சீட்டில் பார்த்து, அந்தந்த நேரத்தில் வாயில் வரும் சொற்களில் சொல்லிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆதாரம் உண்டு. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காட்டை நினைவிலிருந்து எழுதினார்கள். ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நேர்காணலுக்கு முந்தைய இரவு படித்துக்கொண்டே இருப்பது ஏன் அவ்வளவு நிறைவாகத் தோன்றி மறுநாள் கைவிடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. சீட்டுகளைத் தினமும் கலைத்துப்போடச் சொன்னேன். வரிசை மாறினால் தடுமாறுகிற பதில், இன்னும் மனப்பாடமாகவே இருக்கிறது என்று பொருள்.

அடுத்த சிக்கல் மௌனம். 35 விநாடிப் பதிலைச் சொல்லி முடித்த பிறகு, எதிரில் இருப்பவர் உடனே பேசாவிட்டால் இவர் தானாகவே மேலும் பேசத் தொடங்கினார். பேசப் பேச, ஒதுக்கி வைத்த ஆள் பற்றாக்குறை, ஷிப்ட், நிர்வாகம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இது அவருக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல. ஸ்டிவர்ஸ் குழுவினர் 10 மொழிகளில் ஆம்-இல்லை கேள்விகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டதில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருந்தது. அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்கு நான்கு விநாடி மௌனம் குற்றச்சாட்டு போல ஒலிக்கிறது. உண்மையில் எதிரில் இருப்பவர் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒரு முழு ஒத்திகையை இதற்காகவே ஒதுக்கினோம்: ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு நான் பத்து விநாடி தாளைப் பார்த்து எழுதுவேன், அவர் சும்மா இருக்க வேண்டும். முதல் மூன்று முறை முடியவில்லை. நான்காவது முறை, கையிலிருந்த கோப்பின் முனையை மடித்து மடித்து நீவிக்கொண்டே பத்து விநாடியைக் கடந்தார்.

பதற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். கிலோவிச், சாவிட்ஸ்கி, மெட்வெக் மூவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நம் உள்நிலை மற்றவர்களுக்கு எவ்வளவு புலப்படுகிறது என்பதை நாம் மிகைப்படுத்தியே கணிக்கிறோம் என்று காட்டியிருக்கிறார்கள். இதை விளக்கிச் சொல்லியும் அவர் நம்பவில்லை. நான்காம் ஒத்திகையின் காணொளியை ஒலி இல்லாமல் ஓட்டிக் காட்டிய பிறகு, "கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மற்றக் கேள்விகளில் அதிகம் மெனக்கெடவில்லை. 11 மாத இடைவெளிக்குத் தந்தையின் நோய் ஒரு பாதிக் காரணம். முழுக் காரணமாக அதைக் காட்டுவதில்லை என்று அவரே முடிவு செய்தார். குடும்பத்தைப் பற்றித் துருவினால், வேலை நேரத்தைப் பற்றிய கேள்வியாக அதை மாற்றிப் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விக்குத் தனிப் பதில் தேவைப்படவில்லை, 6.08 என்ற எண்ணிலேயே அது இருந்தது. சம்பளக் கேள்வியை "கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நான்தான் தள்ளி வைத்தேன்.

ஐந்தாவது நேர்காணல்

குழுவில் மூன்று பேர். எட்டாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்தது. சொன்னார், நிறுத்தினார். மேசைக்கு எதிரில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டதாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். பிறகு, நாங்கள் எந்தச் சீட்டிலும் எழுதியிராத ஒன்றைக் கேட்டார்கள்: "அந்த ஆபரேட்டர் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?" இவர் சொன்னது: "அன்றைக்கு இருந்தது, மேடம். இரண்டு படிவங்களின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு இல்லை." அது என்ன நேரம் என்று கேட்டார்கள், விளக்கினார். அந்தப் படிவத்தை நீங்களே வடிவமைத்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். மாதிரிப் பொட்டலத்தை ஒட்டுவதற்கு ஓர் இடம், நேரத்தை ஷிப்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட முடியாதபடி லைனிலேயே பதிக்க ஒரு முத்திரை, ஒரே ஆள் இரண்டு கூடங்களுக்குக் கையெழுத்திட முடியாதபடி ஒரு கட்டம் என்று வரைந்து காட்டியிருக்கிறார். மீதி நேரம் முழுவதும் அந்தத் தாளைச் சுற்றியே பேச்சு போயிற்று.

ஒன்பதாம் நாள் வேலைக்கான கடிதம் வந்தது. பதவி பழையதைவிட ஒரு படி கீழே. அதை எதிர்பார்த்தே விண்ணப்பித்திருந்தார். இந்த ஒரு நிகழ்வை வைத்து, தாளும் சீட்டுகளும்தான் வேலை வாங்கித் தந்தன என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குழு துறை தெரிந்த குழு, காலிப் பணியிடமும் அவசரமானது. நான்காவது குழுவின் முன் இதே பதிலைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு விடை இல்லை.

சம்பளத்தில் மட்டும் அடி விழுந்தது. நேர்காணலின் கடைசி நிமிடத்தில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதுவரை எல்லாவற்றையும் நேரே சொல்லிவந்த வேகத்தில், கடைசியாக வாங்கிய சம்பளத்தைச் சொல்லி, "அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். கடிதத்தில் வந்த தொகை, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை அவர்களாகவே முடிவு செய்த தொகை. அந்தக் கேள்விக்கு நாங்கள் ஒரு சீட்டுகூட எழுதி வைத்திருக்கவில்லை.